உண்மைக்கு நானூறு ரூபாய்

பனையடியூர் விலக்கில், பைபாஸ் ரோட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவே இருக்கிற ஞானதுரையின் டிங்கரிங் பட்டறையில், ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமையிலிருந்து, கார்களில் விழுந்த ஒடுக்குகள் சுத்தியலுக்குக் கட்டுப்படுவதை நிறுத்திவிட்டு உண்மைக்கு மட்டும் கட்டுப்படத் தொடங்கின. முதலில் அகப்பட்டவர் மாட்டு டாக்டர். எருமை முட்டிவிட்டது என்று சொல்லி வலதுபக்கக் கதவை நசுக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஞானதுரை உள்பக்கம் இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்து, வெளிப்பக்கம் தட்டி, சூடுகாட்டி, கொக்கி போட்டு இழுத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டியும் கதவு கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் கிடந்தது. நாலு மணி டீயைக் குடித்துக்கொண்டிருந்த டாக்டர் அலுத்துப்போய், "எருமையும் இல்ல, ஒரு எழவும் இல்ல, போனைப் பாத்துக்கிட்டே வந்து எங்க வீட்டு கேட்டுல நாந்தான் இடிச்சேன்" என்றார். டொப் என்று ஒரு சத்தம். கதவு தானாக நிமிர்ந்து, கம்பெனியிலிருந்து அன்றைக்குத்தான் வந்தது போல நின்றது.

"இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா வே, எந் தோள்பட்டை போச்சு" என்று மட்டும்தான் ஞானதுரை சொன்னான். சுத்தியலால் எழும்பாத ஒடுக்குக்கு எதற்குக் கூலி என்று டாக்டர் தகராறு செய்தார். ஆச்சரியப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை.

அதற்கப்புறம் ஊர் அந்த விஷயத்தை, கரண்டு போவதைப் பழகிக்கொள்வது போல, பழகிக்கொண்டது. வாயைத் திறந்து சத்தமாகச் சொல்ல வேண்டும், பாதி சொன்னால் பாதிதான் எழும்பும், சுற்றி வளைத்துச் சொன்னால் எழும்பவே எழும்பாது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. வக்கீல் ஒருவர் தன் பின்கதவைத் தொட்டுக்கொண்டு "வாகனம் மோதலுக்கு உள்ளானது" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தார், ஒடுக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. ஒடுக்கை வெளியூர்ப் பட்டறையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள், ஊர் எல்லையில் இருக்கிற எடைமேடையைத் தாண்டும்போதே நிமிர்ந்த தகடும், அங்கே மாற்றிய புதுத் தகடும் பழையபடி குழிவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்கள். சம்பந்தப்பட்டவன்தான் சொல்லவேண்டும் என்றுகூட அந்த இரும்புக்குக் கட்டாயம் இல்லை. வண்டிக்காரன் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கூட வந்த மாமியார், யார் வீட்டு வாசலில் எந்த நேரத்தில் இடித்தான் என்பதைப் போட்டு உடைத்தபோதும் டொப் என்று எழும்பத்தான் செய்தது.

பட்டறையில் வண்டியைச் சுற்றிவந்து விலை சொல்வது ஞானதுரை இல்லை, அவன் தங்கச்சி பாக்கியசீலி. கீறலா ஒடுக்கா, டச்சப் போதுமா முழுக்கதவுக்கும் பெயிண்ட் அடிக்கணுமா, பம்பரை ஒட்டலாமா மாற்றணுமா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவாள். அவள் புருசன் அருமைநாயகம், தவசிலிங்கத்தின் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவன். போன தை மாதம் விளக்கு வைக்கிற நேரத்தில் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவனை ஏதோ ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. மறுநாள் காலையில் ஆடு பத்திப் போனவர்கள் ஓடைக்குள் கண்டெடுத்தார்கள். எந்தக் கார் என்று தெரியவில்லை என்று போலீஸ் கையை விரித்தது. பாக்கியசீலிக்குத் தெரியும். எடைபோடுகிற இடத்தில் கூலியில் களவாடுகிறார் என்று அத்தனை தொழிலாளிக்கும் முன்னால் தவசிலிங்கத்தைத் திருடன் என்று சொன்னவன் அருமைநாயகம், சொன்ன ஏழாம் நாள் செத்துப்போனான், அதே ஏழாம் நாளிலிருந்து தவசிலிங்கத்தின் சாம்பல் நிறக் காரும் பேட்டரி போய்விட்டது என்று உப்புக் கிட்டங்கியில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துவிட்டது. ஆனால் தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே இரும்பு உண்மைக்கு எழும்புகிறது என்று ஊர் கண்டுகொண்ட வாரம், பாக்கியசீலி ஜெபமும் செய்யவில்லை, தோத்திரமும் சொல்லவில்லை. ஒரு தகரத்தில் விலை எழுதித் தொங்கவிட்டாள். உண்மை சொல்லி எடுக்க, ஒடுக்கு ஒன்றுக்கு நானூறு ரூபாய். பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்க ஐயாயிரம், நாற்பது நாளைக்கு மேல் பட்டி நிற்காது, விழுந்தால் நாங்கள் பொறுப்பல்ல. தகடே புதுசாக மாற்றப் பதினெட்டாயிரம். பக்கத்து டவுனில் பத்தாயிரத்துக்கு மாற்றுகிற தகட்டுக்கு இவள் பதினெட்டு போட்டதும், ஆயிரம் ரூபாய் வேலைக்கு நானூறு போட்டதும் வியாபாரம் தெரியாமல் இல்லை. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அவள் அந்த நானூறை ஐநூறாக்கவில்லை. அருமைநாயகத்தை அடித்த கார் ஒருநாள் இந்தப் பட்டறைக்கு வந்துதானே ஆகவேண்டும், வருகிற நாய் மலிவைப் பார்த்தாவது வாயைத் திறக்கட்டும் என்று வைத்த தூண்டில் அது.

தூண்டிலுக்கு இரையாக இன்னொன்றும் செய்தாள். நானூறு ரூபாய்தான் என்றாலும் நாலு பேர் காதில் விழும்படி எவன் சொல்லுவான்? பட்டறை வாசற்படியில் கிடக்கிற தண்டவாளத் துண்டைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வரவேண்டும், உள்ளே கேட்டது எதுவும் படியைத் தாண்டக் கூடாது என்று அவளே ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தாள். ஊர் முதலில் விளையாட்டாக எடுத்துக்கொண்ட அது மூன்றே மாதத்தில் ஊர்ச்சட்டமாகிவிட்டது, ஏனென்றால் அதற்குள் ஊரில் பாதிப்பேர் அங்கே வாயைத் திறந்திருந்தார்கள். ஒருத்தன் ரகசியம் வெளியே போனால் எல்லார் ரகசியமும் வெளியே போகும். மீன் ஏலக்காரன் ஒருவன் டீக்கடையில் வாய்தவறி ஒரு பெயரைச் சொல்லிவிட்டான், அன்றிலிருந்து அவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை, பெண்சாதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான்.

உண்மை தெரிந்த ஊர் ஒற்றுமையாக இருக்கும் என்று யாராவது சொன்னால், அவன் உண்மையைக் கேட்டதே இல்லை என்று அர்த்தம். பனையடியூரில் அதுவரைக்கும் இல்லாத பகையெல்லாம் முளைத்தது. ஒருத்தன் கார் பளபளவென்று வந்தால், கதவு பழசா புதுசா என்று சுரண்டிப் பார்த்தார்கள். புதுக்கதவுக்காரன் என்பது கெட்டவார்த்தையாகி, தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் முதல் வசவாகப் போனது. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் நகை நிலத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "வண்டியில எந்தெந்தத் தகடு மாத்துனது?" என்று கேட்டார்கள். ஒடுக்கை ஒடுக்காகவே விட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள், அவர்களைக் கண்டால் ஊருக்கு இன்னும் ஆகாது, பதினெட்டாயிரத்துக்கு வக்கில்லாத அழுத்தக்காரன் என்று பெயர். கழற்றிப்போட்ட பழைய தகடுகளுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவன் போகிறவனெல்லாம் ஊகத்தை அவிழ்த்துவிட ஆரம்பித்ததும், வண்டிக்குச் சொந்தக்காரர்கள் நசுங்கிய கதவையும் பானெட்டையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் போட்டு, அதன்மேல் படுத்துத் தூங்கினார்கள். பாதிரியார் இதைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய பழைய காரிலும் பின்பக்கம் ஒரு ஒடுக்கு உண்டு.

ஆவணியில் தவசிலிங்கம் வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வாடகைக்காரில் போய் இறங்க அவர் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. தார்ப்பாய்த் தூசியோடு சாம்பல் நிறக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றபோது பாக்கியசீலிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. இடதுபக்க முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற பெண்டர், ஒரு சோற்றுப்பானையைக் கவிழ்க்கிற அளவுக்குக் குழிந்திருந்தது. உப்புக்காற்றில் ஓரமெல்லாம் துரு. குனிந்து விரலால் தடவினாள்.

"ஒடுக்குதான அண்ணாச்சி. நானூறு ரூவாயில முடியும்" என்றாள்.

"வேண்டாம்மா. பெண்டர மாத்திரு."

"பதினெட்டாயிரம் ஆவும்."

"சரி."

முருங்கைக்கீரைக் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்க வெயிலில் அரைமணி நேரம் நிற்கிற மனுசன் அவர். பாக்கியசீலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இந்தக் கலரு பெயிண்ட் இங்க கிடைக்காது, மதுரையில இருந்து வரணும். இருவத்தி ரெண்டு ஆவும்" என்றாள்.

"சரின்னு சொல்லுதம்லா."

இருபத்திரண்டாயிரத்தைப் பேரம் பேசாமல் கொடுக்கிறவன் தகட்டுக்குக் கொடுக்கவில்லை. அவளுக்குத் துளிச் சந்தேகமும் அதோடு தீர்ந்தது. மூன்றாம் நாள் வண்டியை எடுக்க வந்தவர் பழைய பெண்டரைக் கேட்டபோது, "ஐயோ, அது பழைய இரும்புக்காரன் லாரியில போயிருச்சே அண்ணாச்சி" என்று, உண்மைக்கு விலை எழுதிப்போட்ட அதே வாயால், கண் இமைக்காமல் பொய் சொன்னாள். பெண்டர் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் சாக்குக்கு அடியில் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் ஞானதுரை சாப்பிடப் போனதும் அதை வெளியே எடுத்துவைத்து, "தவசிலிங்கம் காருதான் எம் புருசன அடிச்சுது" என்றாள். இரும்பு லேசாக முனகியது. குழியின் ஓரம் நகக்கண் அளவுக்கு எழும்பியது. பாக்கியசீலி மண்ணில் உட்கார்ந்து வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதாள். ஏழு மாதமாக வயிறு சொன்னதை இரும்பு ஆமாம் என்றுவிட்டது. ஆனால் அதற்கு மேல் ஒரு நூல்கூட அது எழும்பவில்லை. வேணுமென்று அடித்தான் என்றாள், குடித்துவிட்டு ஓட்டினான் என்றாள், திரும்பிவந்து இன்னொரு தரம் ஏற்றினான் என்றாள், ஆள்வைத்துச் செய்தான் என்றாள். தினமும் மத்தியானம் ஒரு புதுக் கொடுமையை யோசித்துக்கொண்டுவந்து சொன்னாள். பெண்டர் சட்டை செய்யவே இல்லை. இவ்வளவு குழி எதற்கு, இதற்குள் இன்னும் என்னதான் இருக்கிறது என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது.

புரட்டாசி முதல் வாரம் அதைக் கொண்டுபோய்ப் பட்டறைக்கு முன்னால் நிற்கிற வேப்பமரக் கிளையில், ரோட்டைப் பார்க்கத் தொங்கவிட்டாள். யார் பெண்டர் என்று சொல்லவில்லை. கட்டுப்பாட்டை மீறவில்லை. ஊரில் சாம்பல் நிறக் கார் ஒன்றே ஒன்றுதான் என்பதற்கு அவள் என்ன செய்வாள்?

பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். முதல்நாள் பார்த்தார்கள், இரண்டாம் நாள் காறித் துப்பினார்கள், மூன்றாம் நாளிலிருந்து வழியில் கிடந்த கல்லை எடுத்து அதன்மேல் எறிந்துவிட்டுப் போனார்கள், அது மணி மாதிரி சத்தம் கொடுக்க, அந்தச் சத்தம் உப்பளம் வரைக்கும் கேட்க, வாயால் ஒரு வார்த்தை பேசாமலே ஊர் முழுவதும் தவசிலிங்கத்தைப் பேசியது. அருமைநாயகத்தின்மேல் பாசம் வழிந்து எறிந்தார்கள் என்று நினைக்கவேண்டாம், உயிரோடு இருந்தபோது அவன் பின்னால் நிற்க ஒருவரும் வரவில்லை. தவசிலிங்கம் நானூறு ரூபாயில் நின்று தலைகுனியாமல் இருபத்திரண்டாயிரம் கொடுத்துத் தப்பித்ததுதான் அவர்களுக்கு ஆறவில்லை. அவருடைய உப்பை ஏற்ற லாரி வரவில்லை. கிட்டங்கிச் சுவரில் சாணி அடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புதுப் பெண்டரைச் சுரண்டிவிட்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

"ஏட்டி, அதக் கழத்திரு. பாவம் அந்தப் பிள்ள என்ன செய்யும்?" என்றான் ஞானதுரை.

"எம் பிள்ளையளுக்கு அப்பன் இல்ல. அந்தக் கொறய அவரால கழத்த முடியுமா?" என்றாள் பாக்கியசீலி.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, உச்சிப்பொழுதில், தவசிலிங்கம் நடந்து வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. அவர் வேப்பமரத்தை ஏறிட்டுப் பார்த்தார், பெண்டரைக் கழற்றித் தன் தோளில் வைத்துக்கொண்டார், படியில் குனிந்து தண்டவாளத் துண்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார். இதைப் பார்க்காவிட்டால் முகத்தில் வைத்திருக்கிற கண்ணுக்கு மரியாதை இல்லை என்று ஊரும் முண்டியடித்துக்கொண்டு ஆளாளுக்குத் தண்டவாளத்தைத் தொட்டுவிட்டு உள்ளே வந்து, பட்டறை மூச்சுமுட்ட நின்றது.

"உண்மைக்கு எவ்வளவு?" என்றார் அவர்.

"போர்டுல போட்டிருக்கு."

நாலு நூறு ரூபாய்த் தாளை பெஞ்சில் வைத்தார். பெண்டரை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் பேசினார். அவளைப் பார்க்கவில்லை.

"வேணும்னு இடிக்கல. எதுக்க வந்த லாரி லைட்டு கண்ணுல அடிச்சுது, சைக்கிளு தெரியல" என்றார். இரும்பு முனகிக் கொஞ்சம் எழும்பியது. "இறங்கிப் பாத்தேன். ஓடைக்குள்ள கிடந்தான், உயிரு இருந்துது. என்னயப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். தூக்கி வண்டியில போட்டா இருவது நிமிசத்துல ஆஸ்பத்திரி. நான் தூக்கல. அத்தன பேரு முன்னாலயும் என்னயத் திருடன்னு சொன்னவன், கிடக்கட்டும்னு நின்னேன்." டொப் என்று ஒரு கை அளவு எழும்பியது. கூட்டத்தில் ஒரு பொம்பளை, "நாசமாப் போவ" என்று வாய்விட்டுச் சபித்தாள். அவர் நிறுத்தவில்லை. "அப்பறமா அவனே கேட்டான். எம் பொண்டாட்டியக் கூப்பிடும், அவ அண்ணன் பட்டறையில இருந்து வண்டி கொண்டாருவான்னு நம்பரச் சொன்னான். சரி, வந்து தூக்கிட்டுப் போவட்டும், நாம போயிருவோம்னு எம் போன்ல இருந்தே கூப்பிட்டேன். ஒருதடவ இல்ல, மூணு தடவ. மணி அடிக்க அடிக்கக் கட் பண்ணுனா. மூணாந்தடவ கட் ஆனதும் அவன் கண்ண மூடிக்கிட்டான். சொந்தப் பொண்டாட்டிக்கே வேண்டாதவன் எனக்கென்னன்னு வண்டியில ஏறுனேன்."

டொப்பென்று இன்னொரு பங்கு எழும்பியது. எழும்பிப் பாதியில் நின்றது.

பொய் என்று சொல்ல வாயெடுத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், இரும்பே எழும்பியபிறகு எதைச் சொல்ல? ஞானதுரை கட்டையை முட்டுக்கொடுத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"நான் சொல்லதுக்கு இதுக்குமேல ஒண்ணும் இல்ல" என்று தவசிலிங்கம் எழுந்தார். அப்போதுதான் பாக்கியசீலியை நிமிர்ந்து பார்த்தார். "எட்டு மாசமா இன்னைக்கு போலீசு வரும், நாளைக்கு வரும்னு சோறு இறங்காம இருந்தேன். எந் நம்பரு ஒம் போன்ல கிடக்கு. நீ எடுத்துக் காட்டல. அப்பத்தான் தெரிஞ்சுது, நான் ஒருத்தன் மட்டும் மறைக்கலன்னு. மிச்ச ஒடுக்கு ஒன்னோடது. நீ எடுத்துக்க." படியில் நின்று கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "கட்டுப்பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்லா?"

அவர் நடந்து போய்விட்டார். நானூறு ரூபாயில் கொலையைக் கழுவிவிட்டுப் போகிறவனைத் தடுக்க அங்கே ஒருத்தருக்கும் வழியில்லை, அந்தக் கட்டுப்பாட்டை உண்டாக்கியவள் பாக்கியசீலியேதான்.

இந்த மூன்று போன் விஷயத்தை இவ்வளவு நேரம் சொல்லாமல் கதைசொன்னதற்கு என்னைத் திட்டவேண்டாம், பாக்கியசீலி தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டதில்லை. அருமைநாயகம் அடிபட்ட அன்று காலையில் புருசன் பெண்சாதிக்குள் பெரிய சண்டை. முதலாளியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையைப் பார் என்று அவள் சொல்ல, உயிரே போனாலும் முடியாது என்று அவன் சொல்ல, அவன் போனைப் பிடுங்கித் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டாள். இனிமேல் உன் மூஞ்சியில் முழித்தால் நான் ஒருத்தனுக்குப் பிறக்கவில்லை என்றாள். அவன் ராத்திரி வராதபோது, நாத்தனார் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போயிருப்பான், போகட்டும் என்று கதவைச் சாத்திப் படுத்தாள். விடிந்ததும் செய்தி வந்தது. தெரியாத நம்பரிலிருந்து வந்த அந்த மூன்று போனும் ஏதோ லோன் கம்பெனிக்காரன் என்று அவள் முடிவுசெய்துவிட்டாள். முடிவு செய்ததை மறுபடி எடுத்துப் பார்க்கவுமில்லை, அழிக்கவுமில்லை.

ஊர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. சற்றுமுன் அவளுக்காகப் பல்லைக் கடித்த கூட்டம், இப்போது அவள் வாயையே பார்த்தது. "சொல்லேன், சொல்லி நிமித்திப் போடு, ஒரு கரைச்சல் தீரட்டும்" என்றார் மாட்டு டாக்டர். "புருசன் சாவக் கிடக்கையில போனக் கட் பண்ணுனவளா நம்மகிட்ட உண்மைக்கு வில போட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒருவரும் அந்தக் குரலை அடக்கவில்லை.

பாக்கியசீலி பெண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

ஞானதுரைக்குத்தான் முதலில் புரிந்தது. "ஏட்டி, வேண்டாம். படியைத் தாண்டாத. இங்கனயே சொல்லு, இங்கனயே முடிஞ்சிரும். வெளிய போய்ச் சொன்னா நம்மள உசுரோட விடமாட்டானுவ."

"இங்கனயே சொன்னா எனக்கு முடிஞ்சிரும். அந்தத் தவசிலிங்கத்துக்கும்லா முடிஞ்சிரும்" என்றாள்.

கூட்டம் வழிமறித்தது. இன்றைக்கு இவள் தவசிலிங்கத்தைச் சொன்னால் நாளைக்கு நம்மைச் சொல்லமாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது ஒவ்வொருவர் கணக்கு. ஒருத்தி தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். யாரோ முழங்கையால் இடித்தார்கள். பெண்டரின் துருப்பிடித்த ஓரம் கழுத்தில் கீறி ரத்தம் வந்தது. அவள் அதையே முன்னால் பிடித்துத் தள்ளிக்கொண்டு, ஆடு முட்டுவது போல முட்டிக்கொண்டு, படியைத் தாண்டினாள். தாண்டும்போது தண்டவாளத் துண்டைக் காலால் எத்திவிட்டாள். அங்கிருந்து ஸ்டேசன் அரைக் கிலோமீட்டர். கூட்டம் கூடவே வந்தது, மண்ணை வாரித் தூற்றிக்கொண்டே வந்தது, ஸ்டேசன் காம்பவுண்டைக் கண்டதும் வெளியிலேயே நின்றுவிட்டது.

உள்ளே மேஜையில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா தலையைத் தூக்கினார். வெளியூர்க்காரர், மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பாக்கியசீலி நாற்காலியில் உட்கார்ந்து பெண்டரை மடியில் வைத்துக்கொண்டாள். புருசன் பெயர், செத்த தேதி, தவசிலிங்கம் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பெண்டர் சும்மா இருந்தது. அதெல்லாம் ஏற்கெனவே சொல்லப்பட்டதுதானே.

"கேட்டவங்க யாராச்சும் சாட்சிக்கு வருவாங்களாம்மா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு வெளியே முப்பது நாற்பது முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின.

"அப்ப வேற என்ன இருக்கு? இந்தத் தகடா?"

"எம் புருசன் போன் பண்ணுனாரு. நான் மூணு தடவயும் கட் பண்ணுனேன். லோன் கம்பெனிக்காரன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றாள். மடியில் இரும்பு முனகியது, எழும்பியது, ஒரு உள்ளங்கை அளவுக் குழியோடு நின்றது. ஏட்டையா பேனாவை வைத்துவிட்டார். அவள் அந்தக் குழிக்குள் கையை வைத்தாள். கை அதில் கச்சிதமாக அடங்கியது. கழுத்து ரத்தம் ஜாக்கெட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு அவருகிட்ட போன் கிடையாது, காலையில நாந்தான் குடத்துல போட்டேன். சண்டை போட்டா யாரு போன்ல இருந்தாவது கூப்பிட்டுச் சமாதானம் பண்ணுவாரு, எப்பவும் அப்பிடித்தான். அந்த நம்பரப் பாத்ததும் அவருதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கட் பண்ணுனேன். கெஞ்சட்டும்னு கட் பண்ணுனேன்."

டொப்.

ஸ்டேசனே திரும்பிப் பார்த்தது. மடியில் கிடந்த பெண்டர், துருவைத் தவிர ஒரு குற்றமில்லாமல், கண்ணாடி மாதிரி நிமிர்ந்திருந்தது. ஏட்டையா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இடிச்சதுக்கு அடையாளம் இதுல ஒண்ணுமே இல்லையே. இத வச்சு நான் என்னத்தை எழுத?"

பாக்கியசீலி இடுப்பிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எட்டு மாதத்துக்குக் கீழே தள்ளித் தள்ளிப் போனாள். தை மாதத்து அந்தச் சாயங்காலம் வந்தது. ஒரே நம்பர், அடுத்தடுத்து மூன்று தடவை. ஏட்டையா தன் போனில் அந்த நம்பரைப் போட்டார். நாலாவது மணியில், "அலோ, தவசிலிங்கம் பேசுதேன், யாரு?" என்றது குரல்.

அவர் பேசாமல் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "இது முதல்நாளே ஒங்க கையில இருந்துருக்கு. அன்னைக்கே காட்டிருந்தா அன்னைக்கே புடிச்சிருப்போம். இவ்வளவு நாளா ஏம்மா காட்டல?"

"நான் எடுக்கலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமேன்னுதான்" என்றாள் பாக்கியசீலி. "அதயும் எழுதிக்கிடுங்க."